ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போகலாமா?

திருச்சியில் கே.கே. நகர், தில்லை நகர், உறையூர் என்று எங்கே குடியிருந்தாலும் "டவுனுக்குப் போறோம்" என்றால் மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள கடைவீதிகளுக்குப் போகிறோம் என்றுதான் பொருள். அதை ஞாயிற்றுக்கிழமையில் சொன்னால் உடனே மறுப்பு வரும். எங்கள் வீட்டில் மறுப்பவர் என் கணவர். "இன்னிக்கா? வண்டியை எங்க நிறுத்துவ? கூட்டத்துல நசுங்கிட்டு வரணுமா?" என்பார். அம்மா விடமாட்டார். "ஞாயித்துக்கிழமை போகாம வேற என்னிக்குப் போறது?" என்பார். இருவரும் சொல்வதில் எனக்கு நியாயம் தெரிந்தது. ரொம்ப நாளாக இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். இப்போது எனக்கென்று ஒரு கருத்து வந்துவிட்டது. அது எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் வேண்டாம் என்பவர்களின் பக்கம். வாங்க வேண்டிய பொருள் என்று பார்த்தால் இன்றைக்கு டவுனுக்குப் போகாமலேயே காலம் தள்ளலாம். தில்லை நகர் மெயின் ரோட்டிலும் சாஸ்திரி ரோட்டிலும் துணி, செருப்பு, போன், கண்ணாடி எல்லாவற்றுக்கும் பெரிய பெரிய கடைகள் வந்துவிட்டன. மிச்சத்துக்கு ஆன்லைன் இருக்கிறது. டவுனில் நடக்க இடமில்லை, நிழல் இல்லை, நிற்க இடமில்லை. ஆடித் தள்ளுபடி தொடங்கிவிட்டால் ஜவுளிக்கடைகள் நிறைந்த என்.எஸ்.பி. ரோட்டில் (நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் ரோடு) முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே நகர வேண்டும். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறுகளைச் சொல்லவே வேண்டாம். போலீஸ் கண்காணிப்புக் கோபுரம் போட்டு, நகையைப் பார்த்துக்கொள்ளுங்கள், குழந்தையைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் அந்த வாரங்களில் அங்கே போகக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

வண்டி நிறுத்தும் பிரச்சினைக்கு ஒரு காரணம் உண்டு, அது இப்போதைக்குத் தீரப்போவதும் இல்லை. இந்தத் தெருக்கள் எல்லாம் ஒரு கோட்டைக்குள் இருந்த தெருக்கள். 19ஆம் நூற்றாண்டில் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். தூர்த்த இடம்தான் இன்றைய மேலப்புலிவார்டு ரோடு, கீழப்புலிவார்டு ரோடு. அகழி இருந்த இடம் அகலமான ரோடாகிவிட்டது. மதிலுக்கு உள்ளே இருந்த தெருக்கள் அன்று இருந்த அகலத்திலேயே நின்றுவிட்டன. மதிலின் மேற்கு வாசல் மட்டும் மிஞ்சியது, அதுதான் மெயின்கார்டு கேட். ஆளும் மாட்டுவண்டியும் போன தெருவில் இன்று கார் திரும்ப வேண்டும் என்றால் திரும்பாது. மேலப்புலிவார்டு ரோட்டில் பல அடுக்கு வாகன நிறுத்தம் கட்டியிருக்கிறார்கள், அது உதவுகிறது. ஆனால் ஊர் வளர்ந்த வேகம் வேறு. 1994இல் ஸ்ரீரங்கமும் பொன்மலையும் சேர்ந்து திருச்சி மாநகராட்சியானது. 2011 கணக்கெடுப்பில் மாநகராட்சிக்குள் மட்டும் எட்டரை லட்சம் பேர். இத்தனை பேருக்கும் கல்யாணத்துக்கு நகையும் துணியும் பாத்திரமும் எடுக்க அதே பழைய தெருக்கள்தான். காரில் போய் வாசலில் இறங்க வேண்டும் என்று நினைப்பவருக்கு டவுன் எந்தக் கிழமையிலும் சரிப்படாது.

## கேள்வியே இல்லாதவர்கள்

போகலாமா வேண்டாமா என்ற இந்தக் கேள்வி எங்களைப் போல ஊருக்குள் இருப்பவர்களுடையது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் அது புரியும். லால்குடி, முசிறி, துறையூர், மண்ணச்சநல்லூர், குளித்தலை என்று ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் வரும் பஸ்களில் குடும்பம் குடும்பமாக இறங்குகிறார்கள். பாட்டி, அம்மா, கல்யாணப் பெண், கூட ஒரு சித்தப்பா, கையில் கட்டைப் பை. அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எல்லோருக்கும் ஒன்றாக லீவு. பள்ளிக்கூடம் இல்லை, கம்பெனி இல்லை. இந்த ஊரில் வாரக்கடைசியை உண்டாக்குவதே இவர்கள்தான். கூட்டம், கூட்டம் என்று நாங்கள் அலுத்துக்கொள்கிற அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி இவர்கள்.

இவர்களுக்கு டவுன் ஏன் தேவைப்படுகிறது என்பதைக் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கப் போன எவரும் சொல்லிவிடுவார்கள். மெயின்கார்டு கேட்டில் நுழைந்தால் என்.எஸ்.பி. ரோட்டில் புடவை. அங்கிருந்து சின்னக் கடை வீதி, பெரிய கடை வீதி பக்கம் திரும்பினால் தாலியும் மெட்டியும். பாத்திரமும் அந்தச் சுற்றிலேயே கிடைக்கும். பூஜைச் சாமான், மஞ்சள் குங்குமம், பத்திரிகை அச்சடிப்பு, ரவிக்கைத் துணி, அதற்கு லைனிங், அதற்கு மேட்சிங் நூல். காலையில் இறங்கி, நடந்தே எல்லாவற்றையும் முடித்து, சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடலாம். ஒரு கடையில் விலை கட்டவில்லை என்றால் பத்தடியில் அடுத்த கடை. நாலு கடை ஏறி இறங்கித்தான் வாங்குவது என்பது இங்கே கடைக்காரர்களுக்கும் தெரிந்த நடைமுறை. எத்தனை பெரிய மாலாக இருந்தாலும் தங்கம் தட்டுகிறவர், ஜாக்கெட் துணி கிழிக்கிறவர், எவர்சில்வர் குடத்தில் பேர் வெட்டுகிறவர் மூவரையும் ஐந்து நிமிட நடைக்குள் வைத்திருக்க அதனால் முடியாது.

2025இல் வெளியூர் பஸ்களுக்காகப் பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் வந்துவிட்டது. மணப்பாறை, விராலிமலை, புதுக்கோட்டை பக்கத்திலிருந்து வருகிறவர்கள் முன்பு மத்திய பஸ் ஸ்டாண்டில் இறங்கி டவுன் பஸ் ஏறினார்கள். இப்போது இன்னும் தள்ளி, ஊரின் தெற்கு ஓரத்தில் இறங்கி ஏற வேண்டியிருக்கிறது. அந்த முனையம் ஊருக்குத் தேவைதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மாத்து பஸ் ஏறுகிற அலைச்சலுக்குப் பயந்து அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் புதுக்கோட்டையிலேயே, மணப்பாறையிலேயே வாங்கிக்கொள்ளத் தொடங்கிவிட்டால் டவுன் மெல்ல மெல்லப் பாதியாகிவிடும் என்கிற கவலை எனக்கு இருக்கிறது. வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வருகிறவர்களுக்குச் சத்திரம் இருக்கிறவரை டவுனுக்கு உயிர் இருக்கும்.

## அம்மாவும் நானும் போன ஞாயிறு

அம்மா பிறந்தது வடக்கு ஆண்டார் வீதியை ஒட்டிய ஒரு சந்தில். மலை வீட்டுக்குப் பின்னாலேயே நிற்கும் என்பார். கல்யாணத்துக்கு அப்புறம் பொன்மலை, பிறகு கே.கே. நகர். மூட்டுவலி வந்ததிலிருந்து டவுனுக்குப் போவது அரிதாகிவிட்டது. ஆனி மாதத்தில் ஒரு ஞாயிறு, "எதுவும் வாங்க வேண்டாம், சும்மா போயிட்டு வரலாம் வா" என்றார். என் கணவர் காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். அம்மா கேட்கவில்லை. டவுன் பஸ்ஸில் ஏறினோம். 2021இலிருந்து சாதாரண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அம்மாவின் வயதுப் பெண்களை இது எவ்வளவு வெளியே கொண்டுவந்திருக்கிறது என்பதை அந்த பஸ்ஸுக்குள் பார்த்தாலே தெரியும். யாரிடமும் காசு கேட்க வேண்டாம், யாரையும் கொண்டுபோய் விடச் சொல்ல வேண்டாம் என்ற நிம்மதி அவர்கள் உட்கார்ந்திருக்கும் விதத்திலேயே இருக்கிறது.

சத்திரத்தில் இறங்கி காலேஜ் ரோட்டில் மெதுவாக நடந்தோம். லூர்து அன்னை கோயிலில் பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் செயின்ட் ஜோசப் கல்லூரி. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் இங்கே வந்த கல்லூரி. என் மாமா அங்கே படித்தவர், அதனால் அந்த மதில் வரும்போதெல்லாம் அம்மா அவர் கதை ஒன்றைச் சொல்வார். மெயின்கார்டு கேட் பக்கத்தில் மைக்கேல் ஐஸ்கிரீம் கடை. இங்கே படித்து வளர்ந்த யாரைக் கேட்டாலும் அந்தக் கடையைப் பற்றி ஒரு நினைவு வைத்திருப்பார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை, அதனால் எனக்கு மட்டும் ஒன்று வாங்கி அதில் அவர் இரண்டு ஸ்பூன் எடுத்துக்கொண்டார். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

என்.எஸ்.பி. ரோட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவால் முடியவில்லை. தள்ளுமுள்ளு ஒன்றும் இல்லை, ஆடி இன்னும் பிறக்கவில்லை. ஆனால் நின்று நின்று நகரும் கூட்டத்தில் மூட்டுவலிக்காரர்கள் நடப்பது கஷ்டம். சீராக நடந்தால் வலி தெரியாது. ஓரடி வைத்து நின்று, மறுபடி ஓரடி வைத்தால் கால் கடுத்துவிடும். எங்காவது உட்கார வேண்டும் என்றார். சுற்றிப் பார்த்தேன். உட்கார ஒரு இடம் இல்லை. ஒரு பெரிய ஜவுளிக்கடை வாசலில் படி இருந்தது. அம்மா அதில் சாய்ந்து நின்றதும் காவலுக்கு நின்றவர், "உள்ள வாங்கம்மா, வாசல்ல நிக்காதீங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். உள்ளே மாடியில் நாற்காலி இருக்கும், காபி கூடக் கொடுப்பார்கள். ஆனால் அதெல்லாம் புடவை எடுக்கிறவர்களுக்கு. எடுக்காமல் போய் உட்கார அம்மாவுக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் தெப்பக்குளம். அந்தக் குளத்தங்கரையில் உட்கார்ந்து பொரி தின்ற நாளெல்லாம் அம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறது. இப்போது நாலு பக்கமும் கடைகள். தண்ணீரைப் பார்க்கவே இரண்டு கடைகளுக்கு நடுவே எட்டிப் பார்க்க வேண்டும். "வீட்டுக்கே போயிடலாம்டி" என்றார் அம்மா. குரல் உடைந்துவிட்டது.

ஆட்டோ பிடிக்கலாம் என்று கூட்டத்தை விட்டு விலகி பெரிய கடை வீதிக்குள் திரும்பினோம். திரும்பியதும் சத்தம் குறைந்தது. பாதிக்கு மேல் ஷட்டர் இறங்கியிருந்தது. மொத்த வியாபாரிகளுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் ஞாயிறு விடுமுறை. வாரநாளில் தலைச்சுமையும் டிவிஎஸ் வண்டியும் கத்தலுமாக இருக்கும் அந்தத் தெருவில் நடுவிலேயே நடக்க முடிந்தது. பூட்டிய கடைகளின் முன்னே படிகள். அந்தப் படிகளில் எல்லாம் ஆட்கள். லால்குடி பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தது. அந்தப் பாட்டி அம்மாவின் நடையைப் பார்த்துவிட்டு, "உக்காருங்க, இடம் இருக்கு" என்று பையை நகர்த்தினார். அம்மா உட்கார்ந்தார். அவ்வளவுதான், அதற்கப்புறம் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேத்திக்குப் புரட்டாசிக்கு அப்புறம் கல்யாணம், தாலி எங்கே செய்யக் கொடுப்பது, எந்தக் கடையில் சேதாரம் குறைவு, உங்களுக்கு எந்த ஊர், எனக்கு இந்தத் தெருவுக்கு அந்தப் பக்கம்தான் பிறந்த வீடு என்று அரை மணி நேரத்துக்கு மேல் ஓடியது. ஜாபர்ஷா தெருவில் யாரிடம் கேட்க வேண்டும் என்று அம்மா வழி சொன்னார். செயற்கை வைரக்கல்லுக்குப் பட்டை தீட்டும் தொழில் இந்தப் பகுதியில் வீட்டுக்கு வீடு நடந்த காலத்தில், காலையில் கண்விழிப்பதே சாணைச் சத்தத்தில்தான் என்று அம்மா சொன்னபோது அந்தப் பேத்தி கண் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கும்போது அம்மா என்னிடம், "இப்பத்தான்டி டவுனுக்கு வந்த மாதிரி இருக்கு" என்றார்.

அதற்கப்புறம் நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. மாலை வரைக்கும் சுற்றினோம்.

## மூடியிருக்கும் தெரு

அந்த அரை மணி நேரத்தைத்தான் நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை டவுனைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் திறந்திருக்கும் தெருவை வைத்தே பேசுகிறார்கள். என்.எஸ்.பி. ரோடு எவ்வளவு கூட்டம், எந்தக் கடை திறந்திருக்கிறது, என்ன கிடைக்கிறது. மூடியிருக்கும் தெருக்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பெரிய கடை வீதியும் அதை ஒட்டிய பெரிய கம்மாளத் தெரு, சௌராஷ்டிரா தெரு, செட்டித் தெருவும் வாரத்தில் ஒரு நாள் மட்டும் மனிதர்கள் நடக்கவும் நிற்கவும் உட்காரவும் ஏற்ற இடமாகிவிடுகின்றன. அந்தத் தெருக்களின் வீடுகளை நிமிர்ந்து பார்க்க முடிகிற நாளும் அதுதான். கீழே கடையாகிவிட்டாலும் மாடியில் மரத்தூணும் பலகணியும் இன்னும் சில வீடுகளில் மிச்சம் இருக்கின்றன. வாரநாளில் மேலே பார்த்துக்கொண்டு நடந்தால் எதிரே வரும் வண்டியில் மோதிக்கொள்வோம்.

பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகளிடம் இதையெல்லாம் சொன்னபோது, "சித்தி, கடை மூடியிருக்கிற எடத்துக்கு எதுக்குப் போகணும்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. டவுன் என்பது கடைகள் மட்டும் என்று நினைத்தால் அதற்குப் பதில் கிடையாது. ஆனால் இங்கே கடைக்கு முன்பும் ஊர் இருந்தது. மலையின் கீழ்க் குடைவரையும் நடுவில் மகேந்திரவர்மன் குடைவித்த மேல் குடைவரையும் எந்தக் கடைக்கும் ஆயிரம் வருடத்துக்கு மேல் மூத்தவை. உச்சிப் பிள்ளையாருக்கு அவசரமாக ஏறி இறங்குகிறவர்கள் அந்தப் பல்லவர் குகையை எட்டிப் பார்க்காமலேயே போய்விடுகிறார்கள், அதில் எனக்கு உண்மையாகவே வருத்தம். தெப்பக்குளத்துக்கு ஒரு பக்கம் நாகநாதர் கோயில். கொஞ்ச தூரத்தில், 1766இல் ஸ்வார்ட்ஸ் பாதிரியார் கட்டிய கிறிஸ்து ஆலயம். தெற்கே மதுரை ரோட்டில் நத்தர்வலி தர்கா. 18ஆம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் முகமது அலி வாலாஜாவும் இந்தத் திருச்சிக்காகவே படை திரட்டி மோதிக்கொண்டவர்கள். இருவரும் அடங்கியிருப்பது அந்த ஒரே தர்காவில். இவை எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்தே போகிற தூரத்தில் இருக்கின்றன.

இன்னொன்றையும் அன்றைக்குக் கவனித்தேன். பெரிய கடை வீதியை விட்ட பிறகு அம்மா எங்கெல்லாம் உட்கார்ந்தாரோ அவை எல்லாமே இப்படிப்பட்ட இடங்கள்தான். மாணிக்க விநாயகர் சன்னதி மண்டபம், நாகநாதர் கோயில் பிராகாரம், தர்காவின் வாசல் நிழல். "என்ன வேணும்?" என்று கேட்காத இடங்கள் அவை மட்டும். தர்காவில் தாயத்துக் கட்டிக்கொள்ள வந்த பெண்களில் பொட்டு வைத்தவர்கள்தான் அதிகம், அம்மாவுக்கு அங்கேயும் பேச்சுத் துணை கிடைத்துவிட்டது. கையில் காசு இல்லாமல் இந்த ஊரின் நடுவில் ஒரு மனிதர் உட்கார வேண்டும் என்றால் தெய்வத்தின் வாசலுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. கோயிலும் தர்காவும் நடை சாத்துகிற மத்தியான வேளையில் அதுவும் இல்லை.

## தரைக்கடைகளைப் பற்றி

டவுனைச் சீராக்க வேண்டும் என்ற பேச்சு வந்தால் முதல் கல் விழுவது தரைக்கடைக்காரர்கள் மேல். அவர்களை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. லால்குடியிலிருந்து வந்த அந்தப் பேத்தி பெரிய கடையில் முகூர்த்தப் புடவை எடுப்பாள், ஆனால் அவளுடைய கூந்தல் கிளிப்பும் நைட்டியும் தம்பிக்கு டிரவுசரும் தரைக்கடையில்தான். இரண்டும் சேர்ந்தால்தான் அந்தக் குடும்பத்துக்கு ஒரு நாள் கணக்கு சரியாக வரும். பெரிய கடைகளுக்கு வருகிற கூட்டத்தில் ஒரு பகுதி தரைக்கடைக்காக வருகிற கூட்டம்தான். தவிர, 2014இல் மத்தியச் சட்டமே வந்துவிட்டது. தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுத்து, சான்றிதழ் கொடுத்து, இடம் ஒதுக்கி, அவர்கள் பிரதிநிதிகளும் உள்ள குழுவைக் கேட்டுத்தான் எதையும் மாற்ற வேண்டும் என்கிறது அது. லாரியோடு வந்து தட்டியை அள்ளிக்கொண்டு போவது தீர்வாகாது.

பெரிய இடமாற்றங்கள் இந்த ஊரில் எப்படி நடக்கும் என்பதற்கு, ஊரின் பெரிய காய்கறிச் சந்தையான காந்தி மார்க்கெட் கண் முன்னால் இருக்கிறது. நெரிசலைக் குறைக்க ஊருக்கு வெளியே கள்ளிக்குடியில் புதிய வளாகம் கட்டி 2017இல் திறந்தார்கள். வியாபாரிகள் போகவில்லை. நடு ராத்திரி லாரி வந்து இறங்குவது, விடிவதற்குள் மொத்த வியாபாரம் முடிவது, காலையில் சில்லறை, பக்கத்திலேயே பூ, வாழைக்காய் மண்டி, மளிகை என்று ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கிற வியாபாரத்தைக் கட்டடத்தை மட்டும் கொடுத்து நகர்த்த முடியவில்லை. டவுனில் எதைச் செய்தாலும் இருப்பதைப் பிடுங்காமல் செய்தால்தான் நடக்கும்.

## எப்போது, எப்படி

கேட்கிறவர்களுக்கு நான் இப்போது சொல்வது இது. போங்கள். ஆடி, தீபாவளிக்கு முந்தைய வாரங்கள் தவிர மற்ற எந்த ஞாயிறும் போகலாம். வண்டியை வீட்டில் வைத்துவிட்டு பஸ்ஸில் போங்கள். வாங்க வேண்டியது இருந்தால் கடை திறந்த சூட்டோடு என்.எஸ்.பி. ரோட்டில் வாங்கிவிடுங்கள், பதினோரு மணிக்கு மேல் அங்கே நிற்க வேண்டாம். அதற்கப்புறம் பெரிய கடை வீதி, ஆண்டார் வீதிகள், வாணப்பட்டறை மாரியம்மன் கோயில் பக்கம் என்று மலையைச் சுற்றி நடங்கள். வெயிலுக்கு முன்பே மலை ஏறி இறங்கிவிடுகிறவர்கள் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். அதிகாலையில் எழ முடிந்தால் காந்தி மார்க்கெட்டிலிருந்து தொடங்குவதுதான் உத்தமம். பங்குனியில் தாயுமானவர் தெப்பத்தன்று சாயங்காலம் போனால் அந்தக் குளம் எதற்காக வெட்டப்பட்டது என்பது தெரியும். அன்றைக்கு மட்டும் கூட்டத்தைப் பற்றிக் குறை சொல்லவே தோன்றாது.

சனிக்கிழமையை நான் சொல்ல மாட்டேன். அன்று மொத்த வியாபாரக் கடைகளும் திறந்திருக்கும், சில்லறைக் கூட்டமும் வந்துவிடும், இரண்டும் சேர்ந்து ஒரு தெருவும் தப்பாது.

பொறுப்பில் இருப்பவர்களிடம் கேட்க எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. சென்னையில் பாண்டி பஜாரை 2019இல் நடைபாதை வளாகமாக மாற்றி, அகலமான நடைமேடை போட்டு, உட்கார இருக்கை வைத்தார்கள். திருச்சியில் அதைப் போல என்று யாராவது பேசினால் உடனே என்.எஸ்.பி. ரோட்டைத்தான் காட்டுவார்கள், உடனே வியாபாரம் போய்விடும் என்று எதிர்ப்பும் வரும். என்.எஸ்.பி. ரோட்டை இப்போதைக்கு விட்டுவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும், காலை எட்டு மணியிலிருந்து இரவு எட்டு வரை, பெரிய கடை வீதிக்குள் வண்டிகளை விடாமல் இருந்தால் போதும். பெரும்பாலான கடைகள் எப்படியும் பூட்டித்தான் இருக்கின்றன, யாருக்கும் வியாபாரம் கெடாது. தெருவின் இரண்டு முனையிலும் தடுப்பு. நடுவில் நிழலுக்கு ஒரு பந்தல், எடுத்து வைக்கக்கூடிய பெஞ்சுகள், குடிதண்ணீர், பெண்கள் நம்பிப் போகக்கூடிய கழிப்பறை. என்.எஸ்.பி. ரோட்டில் இடம் கிடைக்காத தரைக்கடைக்காரர்கள் விரும்பினால் அன்று ஒரு நாள் இங்கே விரிக்கலாம். கழிப்பறையைத்தான் நான் முதலில் கேட்பேன். டவுனுக்குப் போகிற நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் எங்கள் வீட்டிலேயே மூன்று பேர்.

தடுப்பு வைத்தால் கோபப்படப் போகிறவர்கள், காந்தி மார்க்கெட்டுக்குக் குறுக்கு வழியாக அந்தத் தெருவுக்குள் புகுந்து போகிற இரு சக்கர வாகனக்காரர்கள். அவர்களுக்குக் கீழப்புலிவார்டு ரோடு இருக்கிறது, ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும்.